சமதா தீர்ப்பா, நியமகிரி வழியா? ஆனைகட்டியிலிருந்து பார்த்தால்

ஆனைகட்டிச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளத்து அட்டப்பாடி, அங்கே பாறையில் தங்கம் உண்டு என்று இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் எப்போதோ சொல்லிவிட்டது, அதனால் நாளைக்கே சுரங்கம் வந்தால் இருளர் ஊர்களுக்கு எது காவல் என்ற பேச்சு டீக்கடையில் அடிக்கடி கிளம்பும்.

எல்லோரும் முதலில் இழுப்பது ஆந்திராவின் சமதா வழக்கை. 1997. போரா குகைப் பக்கத்துச் சுரங்கக் குத்தகைகளைப் பற்றியது. பட்டியல் பகுதியில், அதாவது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதியில், அரசு நிலத்தைக்கூடத் தனியாருக்குக் குத்தகை விடக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். பலமான பூட்டுதான், ஆனால் அரசு நிறுவனம் தோண்டலாம் என்ற சந்து அதிலேயே இருக்கிறது. அப்புறம் இன்னொன்று, கேரளத்திலும் சரி தமிழ்நாட்டிலும் சரி, ஐந்தாம் அட்டவணைப் பகுதியே கிடையாது. பூட்டு இருக்கிறது, நம் வீட்டுக் கதவுக்குப் பொருந்தாது.

மற்றது ஒடிசாவின் நியமகிரி மலை வழக்கு. காட்டில் வாழ்பவர்களுக்கு அந்தக் காட்டின் மேல் உரிமை தரும் 2006 வன உரிமைச் சட்டத்தை வைத்து, கிராம சபைகளையே கேளுங்கள் என்று 2013இல் தீர்ப்பு வந்தது, 12 சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. அந்தச் சட்டம் இங்கேயும் காட்டு நிலத்துக்குச் செல்லும். ஊர்க்கூட்டம் ஒழுங்காகக் கூடி, சமூக வன உரிமையை, அதாவது ஊரே சேர்ந்து காட்டைப் பயன்படுத்தும் உரிமையை, கேட்டு வாங்கியிருந்தால் பிடி இன்னும் இறுகும். என் ஓட்டு இதற்குத்தான்.