ஆராய்ச்சியாளருக்கு கிட் கற்பிக்க: டெர்மினலா, டெஸ்க்டாப் செயலியா, எடிட்டரா?

கோப்புகளில் செய்த மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் மென்பொருள் கிட். அதை ஆராய்ச்சியாளர்களுக்குச் சொல்லித்தர மூன்று வழிகள் இருக்கின்றன. டெர்மினலில், அதாவது எழுத்தால் கட்டளையிடும் ஜன்னலில், கட்டளைகளை அடிக்க வைக்கலாம். கிட்ஹப் டெஸ்க்டாப் போன்ற தனிச் செயலியைக் கொடுக்கலாம். இல்லையென்றால், அவர்கள் தினமும் திறந்து வைத்திருக்கும் விஎஸ் கோட், ஆர்ஸ்டுடியோ மாதிரியான எடிட்டருக்குள்ளேயே பழக்கிவிடலாம். உள்ளே ஓடுவது என்னவோ ஒரே கிட்தான். ஆனால் கற்பவர் எங்கே திணறுவார் என்பது வழிக்கு வழி மாறும்.

ஆராய்ச்சியாளர்களுக்குக் கணினித் திறன்களைக் கற்றுத்தர 1998-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரியின் கிட் பாடம் டெர்மினல் வழியில்தான் போகிறது. அங்கே கற்றது எங்கே போனாலும் கைகொடுக்கும். மடிக்கணினியில் அடித்த அதே கட்டளை சர்வரிலும் வேலை செய்யும். பிழைச்செய்தியை அப்படியே தேடினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். திணறல் வருவது ஆரம்பத்திலேயே. கமிட் என்பது மாற்றங்களை ஒரு குறிப்புச் செய்தியோடு பதிவு செய்வது. செய்தி எதுவும் சேர்க்காமல் ‘கிட் கமிட்’ என்று மட்டும் அடித்தால், பல கணினிகளில் விம் எடிட்டர் திறந்துகொள்ளும். வெளியே வரும் வழி தெரியாமல் ஜன்னலையே மூடிவிடுவார்கள், கமிட்டும் ஆகியிருக்காது. பைத்தானையே இப்போதுதான் பழகும் ஒருவர் கிட் பக்கம் திரும்பாமல் போக இது போதும்.

டெஸ்க்டாப் செயலியில் இந்தத் தொல்லை இல்லை. மாறிய கோப்புகள் இடப்பக்கம் நிற்கும், வலப்பக்கம் நீக்கிய வரி சிவப்பிலும் சேர்த்த வரி பச்சையிலும் தெரியும். கிட் திட்டங்களை இணையத்தில் வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப், 2021 ஆகஸ்டில் கிட் வேலைகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தியது. அதனால் டெர்மினல் வகுப்பில் கடவுச்சொல்லுக்குப் பதிலாக டோக்கன், எஸ்எஸ்எச் சாவி என்று கொஞ்ச நேரம் போய்விடும். டெஸ்க்டாப் செயலியில் உலாவி வழியாக உள்நுழைந்தால் சரி. சர்வரில் வேலை பார்ப்பவருக்கு மட்டும் இது உதவாது.

என் ஓட்டு எடிட்டருக்கு. குறியீட்டை எழுதும் இடத்திலேயே கமிட்டும் நடந்தால்தான் வகுப்பு முடிந்த பிறகும் பழக்கம் நிலைக்கும். விஎஸ் கோட் ரிமோட் இணைப்பு வழியாக சர்வரில் உள்ள கோப்புகளையும் திறக்கும். ஆனால் ஒரே வரியை இருவர் வேறுவேறாக மாற்றி மோதல் வரும் இடத்தில் பட்டன்கள் ஆபத்தானவை. ஒரு ஆய்வுக் குறியீட்டில் ஒருவர் வரம்பை 0.05 என்றும் இன்னொருவர் அதே வரியில் 0.01 என்றும் மாற்றியிருக்கிறார்கள் என்று வையுங்கள். ‘இரண்டையும் ஏற்கவும்’ என்பதை அழுத்தினால் இரண்டு வரிகளும் அடுத்தடுத்து நிற்கும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது. கடைசி வரியில் உள்ள மதிப்பு சத்தமில்லாமல் முடிவுகளை மாற்றிவிடும். அதனால் முதல் மோதலையாவது கையால் தீர்க்க வைக்க வேண்டும் என்பேன். இருவரை ஜோடி சேர்த்து, வேண்டுமென்றே ஒரே வரியை மாற்றச் சொல்லுங்கள். மோதல் வந்த இடத்தில் கிட் போடும் ஏழு சமக்குறிகளுக்கு மேலே யாருடைய வரி, கீழே யாருடையது என்று அவர்களே பேசி முடிவு செய்து, குறிகளை அழித்துவிட்டு கமிட் செய்யட்டும்.

எந்த வழியில் போனாலும் கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளைப் பட்டியலிடும் கிட்இக்னோரை முதல் நாளே சொல்லிவிடுங்கள். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை கிட்ஹப் ஏற்காது. அப்படி ஒரு தரவுக் கோப்பை கமிட் செய்துவிட்டு, அடுத்த கமிட்டில் அழித்தாலும் புஷ் ஆகாது, அதாவது கிட்ஹப்புக்கு ஏறாது, ஏனென்றால் அது வரலாற்றில் இருக்கிறது. புதிதாகக் கற்பவரால் இதிலிருந்து தானாக மீள முடியாது. குறியீடும் அதன் வெளியீடும் ஒரே கோப்பில் இருக்கும் ஜூபிட்டர் நோட்புக் வைத்திருப்பவர்கள் கமிட்டுக்கு முன் வெளியீடுகளை நீக்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், ஒரு வரைபடம் மாறினாலே மாற்றங்களைக் காட்டும் டிஃபில் படிக்கவே முடியாத நீண்ட எழுத்துக்குவியல் வந்து நிற்கும்.

குழு முழுவதும் டெர்மினல் வழியாகவே சர்வரில் வேலை பார்க்கிறது என்றால் மட்டும் நான் டெர்மினலிலிருந்தே தொடங்குவேன். ஸ்டேட்டஸ், ஆட், கமிட், புல், புஷ் ஆகிய ஐந்து கட்டளைகளும் முதல் வகுப்புக்குப் போதும். கிளை பிரிப்பது அடுத்த வாரம்.