நாய்க்கு இதயப்புழு தடுப்பு மருந்து: கடலூரில் சில வருட அனுபவம்

நாய் வளர்க்கும் யாரிடமாவது "ஹார்ட்வார்ம் மருந்து கொடுக்கிறீர்களா?" என்று கேட்டால், "மூணு மாசத்துக்கு ஒருதடவை பூச்சி மருந்து கொடுத்துடறோமே" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. அந்தப் பூச்சி மருந்து குடல் புழுவுக்கானது. இதயப்புழு கொசுக்கடியில் வருவது. நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் தங்கி வளரும். இரண்டுக்கும் மருந்து வேறு, கணக்கும் வேறு.

எங்கள் வீட்டில் ராஜபாளையம் கலப்பில் ஒரு நாய், வீரா. கூடவே ஒரு நாட்டுப் பூனை, சின்னு. மஞ்சக்குப்பத்தில் கெடிலம் ஆறு பக்கம்தான் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கொசு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கோடையிலும் சாக்கடைக் கொசு ஓய்வதில்லை. குளிர்நாடுகளில் சிலர் பனிக்காலத்தில் மருந்தை நிறுத்துவார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது, பன்னிரண்டு மாதமும் கொடுத்தாக வேண்டும்.

மருந்தை ஆரம்பிக்கும் முன் எங்கள் டாக்டர் ரத்தப் பரிசோதனை கேட்டார். ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், கிட் வைத்தும் ஒரு சோதனை செய்தார். இதைத் தண்டச் செலவு என்று நினைக்கும் நண்பர்களிடம் நான் வாதாடியிருக்கிறேன். ஏற்கெனவே ரத்தத்தில் குட்டிப்புழுக்கள் நிறைய ஓடும் நாய்க்கு மருந்தைக் கொடுத்தால், அவை மொத்தமாகச் செத்து, நாய் ஷாக் போன்ற நிலைக்குப் போகக்கூடும். இன்னொரு காரணமும் உண்டு. தென்னிந்திய நாய்களிடம் அதிகம் பதிவாகியிருப்பது தோலுக்கடியில் வாழும் டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ். இதயத்தில் வாழும் டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ் இந்தியாவில் வடகிழக்குப் பகுதியில்தான் அதிகம் காணப்பட்டிருக்கிறது. ரத்தத்தில் புழு தெரிகிறது என்றால் அது எந்தப் புழு என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் கிட். ரெப்பென்ஸ் தானே என்று விட்டுவிடவும் முடியாது. அது கொசு வழியாக மனிதருக்கும் வரும், கேரளத்தில் மனிதர்களின் கண்ணிலிருந்தே எடுத்திருக்கிறார்கள்.

கிட் சோதனை, வளர்ந்த பெண் புழுவைத்தான் கண்டுபிடிக்கும். கொசு கடித்து அந்த நிலைக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகிவிடும். அதனால் ஏழு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு முதலிலேயே சோதனை செய்வதில் பயனில்லை. மருந்தை எட்டு வாரத்துக்குள் தொடங்கிவிட்டு, பிறகு டாக்டர் சொல்லும் சமயத்தில் பார்த்தால் போதும்.

மாத மருந்து எப்படி வேலை செய்கிறது என்று புரிந்த பிறகுதான் தேதியின் அருமை எனக்குத் தெரிந்தது. இன்று கொடுக்கும் மாத்திரை, வரப்போகும் மாதத்துக்குக் கவசம் போடுவதில்லை. போன மாதம் கொசு இறக்கிவிட்ட இளம்புழுக்களைத்தான் அது கொல்கிறது. இரண்டு மாதம் கடந்துவிட்டால் புழு வளர்ந்து, மருந்துக்குப் பிடிபடாமல் போய்விடும். எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் அடுத்த தேதியை அன்றைக்கே வட்டம் போட்டுவிடுவது அம்மாவின் வேலை. தேதி தவறிவிட்டால் நினைவு வந்த உடனே ஒரு வேளை கொடுத்து, டாக்டரிடம் சொல்லி, ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். விட்டதற்குச் சேர்த்து இரண்டு மாத்திரை கொடுக்கவே கூடாது.

வீராவுக்குக் கொடுப்பது மெல்லும் மாத்திரை. சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்து, மென்று விழுங்கும் வரை கூடவே நிற்போம். முதல் தடவை வயிறு கொஞ்சம் இளகியது, அப்புறம் எந்தத் தொந்தரவும் இல்லை. சில மாத்திரைகளில் உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கான ஐசாக்ஸசோலின் வகை மருந்தும் சேர்ந்திருக்கும். அந்த வகை சில நாய்களுக்கு நடுக்கம், வலிப்பு உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-ல் எச்சரித்தது. உங்கள் நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். எடையும் முக்கியம். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, நம் எடையைக் கழித்துப் பார்த்தாலே போதும். பெரிய நாயின் மாத்திரையை உடைத்து இரண்டு சின்ன நாய்களுக்குப் பிரித்துக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். மருந்து இரண்டு பாதியிலும் சமமாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது வேறொன்று. எங்கள் தெருவில் மாடு வைத்திருக்கும் பால்கார அண்ணன் நல்ல மனசோடு, "மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டின் ஊசி மிச்சம் இருக்கு தம்பி, ஒரு துளி நாய்க்கும் போட்டா உண்ணியும் போயிடும்" என்றார். வேண்டாம் அண்ணா என்று கணக்கைச் சொன்னேன். இதயப்புழுத் தடுப்புக்கு ஐவர்மெக்டின் அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். இருபது கிலோ நாய்க்கு மொத்தம் 0.12 மில்லிகிராம். மாட்டு ஊசியில் ஒரு மில்லியிலேயே 10 மில்லிகிராம் இருக்கிறது. துளிக்கணக்கில் அளந்து அதை நாய்க்குச் சரியாகக் கொடுக்க முடியாது. கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் வைத்த 12 மில்லிகிராம் ஐவர்மெக்டின் மாத்திரையும் அதே ஆபத்துதான், அந்த இருபது கிலோ நாய்க்கு அது நூறு மடங்கு. கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக் போன்ற மேய்ச்சல் இனங்களில் பலவற்றுக்கு எம்டிஆர்1 என்ற மரபணு மாற்றம் உண்டு. தடுப்பு அளவு அவற்றுக்கும் பாதுகாப்புதான், அளவு ஏறினால் மருந்து மூளைக்குள் போய்விடும். கண்மணி விரிவது, எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, நினைவு தப்புவது என்று போகும். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது.

யானைக்கால் நோய்க்காக அரசு வீடுவீடாகக் கொடுத்த டிஇசி மாத்திரையும் அப்படித்தான். அந்தக் காலத்தில் டிஇசியைத் தினமும் நாய்க்குத் தடுப்பு மருந்தாகக் கொடுத்ததுண்டு என்பதால் யாராவது அதைச் சொல்லக்கூடும். ரத்தத்தில் குட்டிப்புழு உள்ள நாய்க்கு அது உயிருக்கே ஆபத்து.

சின்னுவுக்கு வேறு ஏற்பாடு. பூனைக்கென்றே வரும் சொட்டு மருந்தைக் கழுத்தின் பின்புறம், அதன் நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விடுகிறோம். காயும் வரை வீராவைப் பக்கத்தில் விடுவதில்லை, நக்கிவிடுவான். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், பூனைக்கு அது விஷம். பூனைக்கு ஒன்றிரண்டு இதயப்புழுவே உயிரைப் பறிக்கப் போதும். வந்த பிறகு வளர்ந்த புழுவைக் கொல்லப் பூனைக்கென்று அங்கீகரித்த மருந்தும் இல்லை. வீட்டை விட்டு வெளியே போகாத பூனைதானே என்பார்கள், கொசு உள்ளே வருகிறதே.

மருந்து அட்டையின் பின்பக்கத்தை ஒவ்வொரு முறையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் வாந்தி, நடுக்கம் என்று டாக்டருக்குப் போன் செய்தால் அவர் முதலில் கேட்பது மருந்தின் பெயர், மில்லிகிராம், நாயின் எடை, கொடுத்த நேரம் இந்த நான்கையும்தான்.