பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? பள்ளியில் நடந்த வழிகாட்டல் கூட்டம்

மகள் படிக்கும் அரசுப் பள்ளியில், பிளஸ் ஒன் குரூப் எடுக்கும் முன் பெற்றோரையும் உட்காரவைத்து ஒரு வழிகாட்டல் கூட்டம் நடத்தினார்கள். கட்டணம் கிடையாது. மனதாரப் பாராட்டுகிறேன்.

கணக்கு டீச்சர் போர்டில் இன்ஜினியரிங் கட்ஆஃப், அதாவது சேர்க்கைக்கான மதிப்பெண், போட்டுக் காட்டியதுதான் அருமை. கணக்கு 92 அப்படியே வரும், இயற்பியல் 84-இல் பாதி 42, வேதியியல் 90-இல் பாதி 45, ஆக 200-க்கு 179. "கணக்கை மட்டும் கோட்டை விட்டுறாதீங்கம்மா" என்றார். கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் நீட், இன்ஜினியரிங் இரண்டுக்கும் வழி உண்டு. பாடச்சுமை அதிகம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அப்புறம், மருத்துவம், இன்ஜினியரிங் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அந்த 7.5 சதவீத இட ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்றதும், பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றவிருந்த பக்கத்து இருக்கை அக்கா அந்த யோசனையையே விட்டுவிட்டார்.

ஒரே குறை, வணிகவியல் குரூப்பை அவசரமாகக் கடந்துவிட்டார்கள். சி.ஏ. ஆசை உள்ள பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அடுத்த முறை ஒரு ஆடிட்டரையும் அழைத்தால் நல்லது. உங்கள் பள்ளியில் இப்படிக் கூட்டம் வைத்தால், லீவு போட்டாவது போங்கள்.