பிறந்ததும் நீக்குவதா, பொறுத்துப் பார்ப்பதா?

ஆண் குழந்தையின் முன்தோலைப் பிறந்த சில நாட்களிலேயே நீக்கிவிட வேண்டுமா என்ற மருத்துவச் சண்டையைச் சூடாக்கியது 1985-இல் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் விஸ்வெல், இராணுவ மருத்துவமனை ஒன்றில் பிறந்த குழந்தைகளின் பதிவேடுகளைப் புரட்டினார். முன்தோல் நீக்கப்படாத ஆண் குழந்தைகளில் 4.12 சதவீதத்தினருக்கு முதல் ஆண்டில் சிறுநீர்ப் பாதைத் தொற்று வந்திருந்தது. நீக்கப்பட்டவர்களில் 0.21 சதவீதத்தினருக்கு மட்டுமே. ஏறத்தாழ இருபது மடங்கு!

நீக்கச் சொல்பவர்கள் இன்றும் இந்தக் கணக்கைத்தான் முன்வைக்கிறார்கள். முன்தோலின் உள்மடிப்பில் கிருமிகள் குடியேறி மேலே ஏறுகின்றன. பிஞ்சுச் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம் என்பது அவர்கள் வாதம்.

பொறுத்துப் பார்க்கச் சொல்பவர்கள் ஆய்வின் அடித்தளத்தையே தட்டிப் பார்த்தார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு இந்த அறுவையைத் தள்ளிப்போடுவார்கள். அவர்களுக்குத் தொற்றும் அதிகம் வரும். அப்படியானால் குற்றவாளி முன்தோலா, குறைமாதமா? இன்னொன்று, எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது: சோதனைக்காகக் குழந்தையின் உடலில் பை ஒட்டிப் பிடித்த சிறுநீரில் முன்தோலின் கிருமிகள் கலந்துவிடும். தொற்று இல்லாத குழந்தைக்கும் தொற்று என்று முடிவு வரும்.

இந்த ஐயங்களுக்கெல்லாம் தள்ளுபடி கொடுத்த பிறகும் வேறுபாடு மறைந்துவிடவில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 1998-இல் வெளியான பெரிய ஆய்வில் அது இருபதிலிருந்து 3.7 மடங்காகச் சுருங்கியது, அவ்வளவுதான்.

மடங்கை விட்டுவிட்டுத் தலையை எண்ணுவோம். 2005-இல் பன்னிரண்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்களின் கணக்குப்படி, ஆரோக்கியமான ஆண் குழந்தைகள் 111 பேருக்கு முன்தோல் நீக்கினால் ஒரு தொற்று தவிரும். நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சிக்கல் வரும் என்று வைத்துக்கொண்டால், அந்த 111 பேரில் இருவருக்கு இரத்தக்கசிவோ புண்ணோ வரும். தவிர்த்த தொற்றோ பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தில் குணமாகக்கூடியது. ஆரோக்கியமான குழந்தைக்கு இது நட்டக் கணக்கு என்பேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-இல் நன்மையே மிஞ்சுகிறது என்றது. ஆனால் எல்லோருக்கும் செய்யுங்கள் என்று சொல்லத் துணியவில்லை. மறு ஆண்டே, பெரும்பாலும் ஐரோப்பியர்களான 38 மருத்துவர்கள் இது அமெரிக்கப் பழக்கத்தின் சாய்வு என்று எழுதினார்கள். 'எங்கள் நடுநிலை, உங்கள் சாய்வு' என்ற இந்த விளையாட்டில் இரு தரப்புமே சளைத்தவர்கள் அல்லர்.

நம் ஊர் சுன்னத்தை இந்தத் தராசில் வைப்பதில் பொருளில்லை. அது மார்க்கக் கடமை; பெரும்பாலும் சில வயது கடந்த பிறகே நடக்கிறது. தொற்றின் உச்சமோ முதல் ஆண்டு.

பிறவிக் கோளாறு உள்ள குழந்தையிடம் வரும்போது என் கட்சி மாறுகிறது. சிறுநீர் சிறுநீரகத்துக்கே கடுமையாகத் திரும்பிப் பாய்கிற குழந்தைகளில், அதே 2005 தொகுப்பின்படி, நான்கு பேருக்கு நீக்கினாலே ஒரு தொற்று தவிரும். சிறுநீர் வெளியேறும் குழாயில் தடுப்புச் சவ்வோடு பிறந்த ஆண் குழந்தைகளிடம், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தே பிரான்சில் சோதித்தார்கள். தொற்றைத் தடுக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மட்டும் பெற்றவர்களில் 20 சதவீதத்தினருக்குக் காய்ச்சலோடு தொற்று வந்தது. மருந்தோடு முன்தோலும் நீக்கப்பட்டவர்களில் 3 சதவீதம்.