டயலாக் மூடியது, ப்ரோகிராம் மூடியதா? சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

விண்ஃபார்ம்ஸ் (டாட்நெட்டுடன் வருவது), க்யூட்டி (சி++ உலகில் பிரபலமானது) என்ற இரண்டு விண்டோ உருவாக்கும் கருவித்தொகுப்புகளிலும் சில வருடங்களாக டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறேன். பட்டன், டேபிள் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். டயலாக்கை, அதாவது ஓகே, கேன்சல் கேட்கும் சின்ன விண்டோவை, மூடிய பிறகு ப்ரோகிராம் ஒழுங்காக வெளியேறுகிறதா என்பது பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

அறிகுறி எல்லோருக்கும் தெரிந்ததுதான். திரையில் எதுவும் இல்லை, ஆனால் டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸ் இருக்கிறது. மறுபடி பில்ட் செய்தால், இஎக்ஸ்இ கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று எரர் வரும்.

விண்ஃபார்ம்ஸில் இதற்கு வழக்கமான காரணம் லாகின் ஃபார்ம். கொடுத்த ஃபார்ம் மூடும்வரை ப்ரோகிராமை ஓடவைக்கும் அப்ளிகேஷன்.ரன்னுக்கு லாகின் ஃபார்மைக் கொடுத்து, பாஸ்வேர்டு சரியானதும் அதை ஹைடு செய்து, மெயின் ஃபார்மை ஷோ செய்யும் கோடை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். ரன்னைப் பொறுத்தவரை முதலாளி லாகின் ஃபார்ம்தான். அது மறைந்திருக்கிறதே தவிர மூடப்படவில்லை. அதனால் மெயின் ஃபார்மை மூடினாலும் ரன் முடியாது, ப்ராசஸும் முடியாது. லாகினை, மூடும்வரை காத்திருந்து விடை தரும் ஷோடயலாக்கில் திறந்து, விடை ஓகே என்றால் மட்டும் மெயின் ஃபார்மை ரன்னுக்குக் கொடுப்பதே நேரான வழி. மூலையிலுள்ள எக்ஸை அழுத்தினால் கேன்சல் என்றே விடை வரும் என்பதால் ஒரே இஃப் போதும். இந்த வசதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

க்யூட்டி இன்னும் கொஞ்சம் நுணுக்கம். எக்ஸெக் என்பது ஈவென்ட் லூப்பை, அதாவது கிளிக், கீ போன்றவற்றுக்குக் காத்திருக்கும் சுழற்சியைத் தொடங்கும் அழைப்பு. ப்ரோகிராம் தொடங்கும் மெயின் ஃபங்ஷனில் டயலாக்கின் எக்ஸெக் முதலில், ஆப்பின் எக்ஸெக் அடுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கேன்சல் பட்டனில் க்விட் எழுதியிருந்தாலும் ப்ராசஸ் தொங்கும். க்விட், அப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஈவென்ட் லூப்பைத்தான் நிறுத்தும். பின்னால் தொடங்கப்போகும் லூப்புக்கு அது தெரியாது. ஆகவே டயலாக் ரிஜெக்டட் என்று திரும்பினால் ஆப்பின் எக்ஸெக் வரைக்கும் போகவே கூடாது, அங்கேயே ரிட்டர்ன்.

இதே க்யூட்டி தலைகீழாகவும் படுத்தும். ட்ரேயில் (டாஸ்க்பாரில் கடிகாரத்தின் பக்கம்) மட்டும் ஐகானாக இருக்கும் ப்ரோகிராமில் செட்டிங்ஸ் டயலாக்கை மூடினால் மொத்த ப்ரோகிராமும் போய்விடும். கடைசி விண்டோ மூடினால் வெளியேறு என்பது அதன் இயல்பு அமைப்பு. ட்ரே ப்ரோகிராமுக்கு க்விட்ஆன்லாஸ்ட்விண்டோகுளோஸ்டு என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு, மெனுவில் எக்ஸிட் தனியாக வைக்க வேண்டும். டாட்நெட்டின் இன்னொரு கருவித்தொகுப்பான டபிள்யூபிஎஃப்பிலும் மெயின் விண்டோவுக்கு முன்பே டயலாக் காட்டினால் இதே கதை; அங்கே ஷட்டவுன்மோடை மாற்றவேண்டும்.

ஜாவாவின் ஸ்விங் பற்றி ஒரு வரி: அதன் மெயின் விண்டோவான ஜேஃப்ரேமின் எக்ஸ் இயல்பாக விண்டோவை மறைக்க மட்டுமே செய்யும், எக்ஸிட்ஆன்குளோஸ் கொடுத்தால்தான் ப்ரோகிராம் முடியும். ஜேடயலாக் அந்த மதிப்பை ஏற்காது, அதற்கு டிஸ்போஸ்ஆன்குளோஸ்.

விண்டோ எல்லாம் சரியாக மூடியும் ப்ராசஸ் நின்றால், அடுத்த சந்தேகம் த்ரெட் (பின்னணியில் தனியாக ஓடும் வேலை) மேல்தான். டாட்நெட்டில் நாமாக உருவாக்கும் த்ரெட் இயல்பாக ஃபோர்கிரவுண்டு வகை. அது முடியாமல் ப்ராசஸ் முடியாது. ஐஸ்பேக்கிரவுண்டை ட்ரூ ஆக்கினால் வேலை முடிந்தது என்பார்கள். ஆனால் அந்த த்ரெட் கோப்பு எழுதிக்கொண்டிருந்தால் பாதியில் அறுந்துவிடும். நிறுத்தச் சொல்லிவிட்டு, ஃபார்ம் மூடும் நேரத்தில் அது முடியக் காத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. என்விரான்மென்ட்.எக்ஸிட் போட்டு முடிப்பவர்களும் உண்டு. அதில் ஃபைனலி பிளாக்குகள் (கடைசியில் சுத்தம் செய்யும் கோடு) ஓடாது என்பதால் நான் தவிர்க்கிறேன்.

இப்போதெல்லாம் வெளியிடும் முன் ஓகே, கேன்சல், எஸ்கேப், ஆல்ட் எஃப்4, எக்ஸ் என ஒவ்வொரு வழியிலும் டயலாக்கை மூடி, ஒவ்வொரு முறையும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்துவிடுகிறேன். அதிகமாக மாட்டுவது க்யூட்டியின் எஸ்கேப்பில்தான், அங்கே கேன்சல் பட்டனில் எழுதிய கோடு அந்த வழியில் ஓடுவதில்லை.