விக்கி உரைக்கு ஒரு பைத்தான் பார்சர்: எம்டபிள்யூ பார்சர் ஃப்ரம் ஹெல்

விக்கி பக்கத்தின் குறிகள் கலந்த உரையை உறுப்பு உறுப்பாகப் பிரித்துத் தரும் பைத்தான் லைப்ரரி இது. பெயரிலேயே ‘நரகம்’ (ஹெல்) இருக்கிறது. விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியின் உரையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தெரியாது.

எம்ஐடி உரிமத்தில் கிடைக்கும் இந்த லைப்ரரியின் பெரிய பலம், கை வைக்காத இடத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் திருப்பித் தருவது. பார்ஸ் செய்து, வார்ப்புருவின் (பக்கங்களில் செருகும் ஆயத்தத் துண்டு, டெம்ப்ளேட்) ஒரு மதிப்பை மட்டும் மாற்றி, மீண்டும் உரையாக்கினால் பக்கத்தின் திருத்த வரலாற்றில் அந்த ஒரு மாற்றம்தான் தெரியும். வார்ப்புருவில் புது அளபுரு (பாராமீட்டர்) சேர்த்தால் பக்கத்து வரிகளின் இடைவெளியைப் பார்த்து அதே பாணியில் எழுதுகிறது. பாட் (தானாகத் திருத்தும் நிரல்) ஓட்டுபவர்களுக்கு இது போதும். வேகமான பகுதி சி மொழியில் உள்ளது. அது இல்லாவிட்டால் தூய பைத்தானில் மெதுவாக ஓடும்.

மொழி என்று வரும்போதுதான் சிக்கல். எந்த விக்கியின் உரை என்பது இதற்குத் தெரியாது. படிமம் (படக் கோப்பு), பகுப்பு (பக்க வகை) இரண்டுமே இதன் கண்ணுக்கு வெறும் இணைப்புகள். அதனால் குறிகளை நீக்கி வெறும் உரை தரும் ‘ஸ்ட்ரிப்_கோட்’ கொடுத்தால் படத்தின் அளவும் தலைப்பும் நெடுங்கோட்டோடு உரைக்குள் வந்து விழும். கடைசியில் ‘பகுப்பு:தமிழக நகரங்கள்’ என்ற வரியும் நிற்கும். வேறு பக்கத்துக்கு அனுப்பும் ‘#வழிமாற்று’ பக்கத்தில் முதல் குறியை எண் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும். ஆங்கில விக்கியிலும் இதே கதைதான்; தமிழுக்கென்று தனி ஓரவஞ்சனை இல்லை.

தீர்வு வெளியே இருக்கிறது. அந்த விக்கியின் ஏபிஐயில் (நிரல்கள் தகவல் கேட்கும் வாயில்) ‘சைட்இன்ஃபோ’ என்ற தள விவரத்தைக் கேட்டு, பெயர்வெளிகளையும் (‘பகுப்பு’ போன்ற முன்னொட்டு வகைகள்) மாற்றுப்பெயர்களையும் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரை நிரலில் எழுதாதீர்கள். எண்ணை எழுதுங்கள்: படிமம் 6, வார்ப்புரு 10, பகுப்பு 14. இணைப்பின் தலைப்பில் முதல் முக்காற்புள்ளிக்கு முந்தைய சொல்லை அட்டவணையில் தேடி, 6 அல்லது 14 என்றால் நீக்குங்கள். முக்காற்புள்ளியிலேயே தொடங்கும் இணைப்பை விட்டுவிடுங்கள். அது பக்கத்தில் தெரியும் இணைப்பு. ஒப்பிடும் முன் இரு பெயர்களையும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவுக்கு மாற்றுவது அவசியம். மீடியாவிக்கி அப்படித்தான் சேமிக்கிறது. உங்கள் கோப்பில் ‘கோயில்’ என்பதன் ஓகாரம் இரண்டு குறியீடுகளாகப் பிரிந்திருந்தால் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

நீக்கும்போது ‘வேல்யூஎரர்’ பிழை வரலாம். படத்தலைப்புக்குள் நீக்க வேண்டிய இன்னொரு இணைப்பு இருக்கலாம். வெளியே உள்ளது போன பிறகு உள்ளே உள்ளதைத் தேடினால் எங்கே கிடைக்கும்? வடிகட்டும்போது, ஓர் இணைப்புக்குள் இருக்கும் இணைப்பைத் தேடாமல் விடும் ‘ரிகர்ஸ்_அதர்ஸ்’ கொடுத்தால் சரியாகும். சாய்வெழுத்துக் குறி ஒரு வார்ப்புருவுக்குள் தொடங்கி வெளியே முடிந்தால் பிரிப்பு குழம்பும்; அந்தக் குறிகளைப் பிரிக்காமல் விடும் ‘ஸ்கிப்_ஸ்டைல்_டேக்ஸ்’ அதற்கான தப்பிக்கும் வழி.

நீட்டிப்பதில் மதிப்பெண் குறைவுதான். உள்ளே பிரிக்கக் கூடாத ஒட்டுகளின் (டேக்) பட்டியல் சாதாரண பைத்தான் பட்டியல் என்பதால் உங்கள் விக்கியின் ஒட்டை அதில் சேர்த்துவிடலாம். ஆனால் புதுத் தொடரியல் வேண்டுமென்றால் பைத்தான், சி இரண்டிலும் டோக்கனைசரை (உரையைத் துண்டுகளாக்கும் பகுதி) திருத்த வேண்டும். இரட்டை வேலை.

வார்ப்புரு விரிந்த பிறகு வரும் உரைதான் வேண்டுமா? அதற்கு இந்த லைப்ரரி ஆகாது; அளவு மாற்றும் வார்ப்புரு இருந்த இடத்தில் எண்ணே காணாமல் போய், வாக்கியம் ஓட்டையோடு நிற்கும். அதற்கு மீடியாவிக்கியின் சொந்தப் பார்சரான பார்சாய்டின் எச்டிஎம்எல்லை எடுங்கள். 2019 இறுதியில் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து பிஎச்பிக்கு மாறிய அது, விக்கியின் அமைப்புகளையும் தெரிந்தே பிரிக்கிறது. பாட் வேலைக்கு இந்த லைப்ரரி, பக்கத்தின் உரைக்கு பார்சாய்ட்.