வடக்கு டெலவேரில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி? ஒரு அம்மாவின் விமர்சனம்

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் வடக்கே இருக்கும் நியூ காசில் கவுன்ட்டியில் வீடு தேடும் நம் ஆட்கள் எல்லாரும் முதலில் கேட்பது "உங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?" என்பதுதான். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றால் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு, வீடு எந்த டிஸ்ட்ரிக்ட் எல்லைக்குள் இருக்கிறதோ அதன் பள்ளிதான் பொதுவாகக் கிடைக்கும். என் மகள் இங்கே படிக்க ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. ஆசிரியர்களுக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன், வாயே திறக்காமல் போன பிள்ளையை ஒரே வருடத்தில் வகுப்பின் முன்னால் நின்று பேச வைத்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு இரண்டு, அடிக்கடி தாமதம். டிஸ்ட்ரிக்ட் எல்லைக்கோட்டுக்கு மட்டும் மதிப்பெண் போட மனம் வரவில்லை.

அந்தக் கோட்டின் கதை அப்படி. 1968ல் சின்னச் சின்ன டிஸ்ட்ரிக்ட்களைச் சேர்த்துப் பெரிதாக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், ஆனால் கறுப்பினப் பிள்ளைகள் அதிகம் படித்த வில்மிங்டன் நகரத்தை அந்த இணைப்பில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டார்கள். இத்தனைக்கும் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதே, அந்தத் தீர்ப்பில் அடங்கிய வழக்குகளில் வக்கீல் லூயிஸ் ரெடிங் வாதாடிய டெலவேர் வழக்கும் ஒன்று! மறுபடியும் கோர்ட் படியேறித்தான் 1978ல் நகரமும் புறநகருமாக 11 டிஸ்ட்ரிக்ட்கள் ஒன்றாயின. அப்போதும், எல்லா இனப் பிள்ளைகளும் கலந்து படிப்பதற்காக நகரத்துப் பிள்ளைகள் 9 வருடம் புறநகருக்கு பஸ்ஸில் போக வேண்டும், புறநகர்ப் பிள்ளைகள் 3 வருடம் நகரத்துக்கு வந்தால் போதும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் 1981ல் அதை பிராண்டிவைன், கிறிஸ்டினா, கொலோனியல், ரெட் கிளே என்று நாலாகப் பிரித்தார்கள், நாலுக்கும் வில்மிங்டனில் ஆளுக்கொரு துண்டு. கிறிஸ்டினாவுக்குக் கிடைத்த துண்டு அதன் மற்ற பகுதியோடு ஒட்டாமல் தனியே கிடக்கிறது. 1995ல் கோர்ட் மேற்பார்வை முடிந்தது, 2000ல் அவரவர் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கே பிள்ளைகளை அனுப்பச் சட்டம் வந்தது, அந்த நாலு டிஸ்ட்ரிக்ட்களும் அப்படியே இருக்கின்றன.

அதனால் இணையத்தில் பள்ளிக்குப் போடும் பத்துக்கு இத்தனை என்ற எண்ணை மட்டும் பார்த்து வீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். பள்ளிக்கு நேரில் போய் ஆசிரியரிடம் பேசுங்கள், பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வேறு டிஸ்ட்ரிக்ட் பள்ளி பிடித்திருந்தால் நவம்பரில் சாய்ஸ் விண்ணப்பம் திறக்கும், ஜனவரி இரண்டாவது புதன்கிழமைக்குள் போட்டுவிடுங்கள்.